ஒரு ஹார்வர்ட் ரட்டரும் அழிந்துபோன இரண்டு இலக்கங்களும்

நேற்று காலையில்தான் கடைசி வெள்ளிப் பூச்சு முடிந்தது. கராஜ் முழுக்க டோப் வாசனை, விமானத் துணியை விறைப்பாக்கப் பூசும் வார்னிஷ் அது. மனைவி கதவைச் சாத்தச் சொல்லிவிட்டாள், நான் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒன்றரை வருட வேலை. பொருள் என்னவென்றால் ஹார்வர்ட் பயிற்சி விமானத்தின் வால் சுக்கான், இங்கே எல்லோரும் சொல்வது போல ரட்டர், என் தோளுயரம் இருக்கும், ஒரு கையால் தூக்கிவிடலாம். வேலையைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஆனால் அதைவிட முக்கியமாக ஒரு தவறைப் பற்றி எழுத வேண்டும், பழைய விமானப் பாகத்தைக் கையில் எடுக்கும் யாருக்கும் அது உதவும்.

நான் கோயம்புத்தூர்க்காரன். பிரெட்டோரியாவுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது, ரோஸ்லின் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தகட்டை அழுத்தும் அச்சு செய்யும் டை மேக்கர் வேலை, வீடு சென்சூரியனில். வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஸ்வார்ட்காப் விமானத் தளம், 1921இல் தொடங்கியது, தென்னாப்பிரிக்க விமானப்படையின் அருங்காட்சியகம் அங்கேதான். சனிக்கிழமை காலை சில நாட்களில் ஹார்வர்ட் மேலே போகும், அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும், 600 குதிரைத்திறன் கொண்ட ஒன்பது சிலிண்டர் எஞ்சின், கியர் இல்லாமல் நேரடியாகச் சுழலும் ப்ரொப்பெல்லர், அதன் நுனி கிட்டத்தட்ட ஒலியின் வேகத்தைத் தொடுவதால் அறுப்பது போல ஒரு ரீங்காரம். ஊரில் தாத்தா, போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை கோயம்புத்தூரில் விமானம் பழுதுபார்க்கும் தளம் வைத்திருந்ததைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வளர்த்தவர். அந்தப் பைத்தியம் எனக்குள் எங்கோ இருந்திருக்கிறது.

ரட்டர் கிடைத்தது பிரெட்டோரியாவுக்குக் கிழக்கே ஒரு பண்ணை ஏலத்தில். டிராக்டர் டயர்களுக்கு நடுவே கிழிந்த துணியோடு கிடந்தது, விற்றவருக்கு அது என்ன என்றே தெரியவில்லை, ஏதோ காற்றாலையின் வால் என்று நினைத்திருந்தார். கீலின் அமைப்பையும் எலும்புகளின், அதாவது வடிவம் கொடுக்கும் குறுக்குச் சட்டங்களின், வரிசையையும் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஹார்வர்டில் ரட்டர், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், சிறகைச் சாய்க்கும் எய்லரான் எல்லாமே அலுமினியச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியவை. ஸ்வார்ட்காப் பக்கம் நான் சனிக்கிழமைகளில் போகும் தன்னார்வக் குழு ஒன்று, காட்சிக்கு வைக்க ஒரு ஹார்வர்டைச் சேர்த்துக்கொண்டிருந்தது, அதற்கு ரட்டர் இல்லை. சரி, நான் செய்து தருகிறேன் என்றேன்.

ஹார்வர்ட் இந்த நாட்டில் அபூர்வமான விமானம் இல்லை. பல வகைகளாக மொத்தம் 15 ஆயிரத்துக்கும் மேல் கட்டினார்கள், இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானிகளுக்குத் தென்னாப்பிரிக்காவில் பயிற்சி கொடுக்கும் கூட்டுத் திட்டத்துக்காக நூற்றுக்கணக்கில் இங்கே கப்பலில் வந்து இறங்கியது. அந்தத் திட்டத்தில் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் தேறினார்கள். போர் முடிந்தும் ஹார்வர்ட் போகவில்லை, 1995 வரை விமானப்படை அதில்தான் பயிற்சி கொடுத்தது, அரை நூற்றாண்டுக்கு மேல். அதனால்தான் பண்ணைக் கொட்டகையில் கூட ஒரு ரட்டர் கிடக்கிறது. அதே காரணத்தால்தான் அது எந்த விமானத்தின் ரட்டர் என்று கண்டுபிடிப்பது இவ்வளவு கஷ்டம். ஐம்பது வருடம் பறந்த விமானங்களில் பாகங்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்திருக்கும்.

இப்போது அந்தத் தவறு.

வந்த முதல் வாரமே கீல் பிராக்கெட்டுகளைக் கழற்றினேன். அவை எஃகு, துரு பிடித்திருந்தன, மேலே மூன்று நான்கு அடுக்குப் பெயின்ட். அவற்றை மணல் வீச்சில் சுத்தம் செய்யலாம் என்று ஒரு பட்டறையில் கொடுத்தேன். கூடவே, அதே பெட்டியில், கீழ்ப்பகுதி அலுமினியத் தகடு ஒன்றும் இருந்தது, அதைத் தொட வேண்டாம் என்று வாயால் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை. மூன்று நாள் கழித்துப் போனால் எல்லாமே சாம்பல் நிறத்தில் பளிச்சென்று இருந்தது, தகடும் சேர்த்து. தகடு அலை அலையாக நெளிந்துபோய்விட்டது. விமானத் தகட்டுக்கு இருபுறமும் சுத்த அலுமினியம் மெல்லிய தோலாக ஒட்டியிருக்கும், அதுதான் அரிப்பிலிருந்து காப்பது. மணல் அந்தத் தோலையே உரித்துவிட்டது.

தகடு போனது கூடப் பரவாயில்லை, புதிதாக வெட்டிக்கொள்ளலாம். அன்று இரவு பழைய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வயிற்றில் கல் விழுந்தது. கீழ்க் கீல் பிராக்கெட்டின் உள்பக்கம், பெயின்ட் உதிர்ந்த இடத்தில், கையால் எழுதிய கருப்பு எண் தெரிந்தது. முதலில் 7. அடுத்தது 4. மூன்றாவது இலக்கத்தின் இடது ஓரம் மட்டும், ஒரு வளைவு. அதற்கப்புறம் என் கட்டைவிரல் மறைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்க ஹார்வர்டுகளின் எண்கள் ஏழாயிரத்தில் வருபவை, ஆகவே அது விமானத்தின் எண்ணாகத்தான் இருக்க வேண்டும், எந்த விமானத்திலிருந்து கழற்றினார்களோ அதன் எண்ணை மெக்கானிக் பாகத்தில் எழுதி வைப்பது வழக்கம். அந்த எண் இப்போது ஒரு பட்டறையின் தரையில் மணலோடு மணலாகக் கிடந்தது. பெயின்ட்டுக்கு அடியில் எதுவும் இருக்காது என்று நினைத்து நான் ஒழுங்காகப் பார்க்காமலே கொடுத்துவிட்டேன், குற்றம் பட்டறைக்காரருடையதை விட என்னுடையதுதான்.

எண்ணுக்கு ஏன் இத்தனை வருத்தம் என்று என் தொழிற்சாலை நண்பர்கள் கேட்டார்கள். எண் இல்லாவிட்டால் அது வெறும் அலுமினியம். எண் இருந்தால் அது எங்கே பறந்தது, எங்கே மோதியது, எந்தக் கைகளில் போனது என்று பின்னால் நூல் பிடித்துப் போகலாம். இந்த நாட்டிலேயே எத்தனை உதாரணம். 1994 ஜூலை 13ஆம் தேதி இரவு 1716 என்ற எண் கொண்ட ஷாக்கில்டன் கடல் ரோந்து விமானம், பத்து வருடம் முன்பே பணியிலிருந்து நிறுத்திய வகை, சீர்ப்படுத்தி இங்கிலாந்துக்கு விமானக் காட்சிகளுக்காகப் பறந்துகொண்டிருந்தபோது வலது சிறகில் ஒரு எஞ்சினில் குளிர்விக்கும் திரவம் கசிந்து அணைக்க வேண்டியதாயிற்று, அதே பக்கத்தில் அடுத்த எஞ்சினின் ப்ரொப்பெல்லரும் பழுதானது, இருட்டில் மேற்கு சகாரா மணலில் வயிறு தேய இறக்கினார்கள். உள்ளே இருந்த 19 பேரும் பிழைத்தார்கள். விமானம் அங்கேயே கிடக்கிறது. அதே வகையில் 1722 கேப்டவுன் எய்ஸ்டர்பிளாட் தளத்தில் பத்திரமாக இருக்கிறது. 1723 ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே கோல்டன் ஹைவே ஓரம் ஒரு பெட்ரோல் பங்க்கின் கூரை மேல் ஏறி உட்கார்ந்தது. லெனேசியாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது என் பையன் அதற்காகவே ஜன்னலோரம் உட்காருவான். ஒரே வகை விமானம், மூன்று எண், மூன்று முடிவு.

இன்னொன்று, ஸ்வார்ட்காபின் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் 5518. 2000 ஏப்ரலில் அங்கேயே நடந்த விமானக் காட்சியில் எஞ்சின் நின்று விழுந்து நொறுங்கியது, விமானி பிழைத்துக்கொண்டார். உடைந்ததைக் குப்பையில் போடாமல் வைத்திருந்ததால்தான் அதை மறுபடி கட்டும் வேலையையே யோசிக்க முடிந்தது. போருக்குப் பிறகு 1947 முதல் 1949 வரை இந்த நாட்டுக்கு வந்த ஸ்பிட்ஃபயர்கள் 136. பெரும்பாலானவை பழைய இரும்பாகப் போயின. கேப்டவுன் சால்ட் ரிவர் இரும்புக் கிடங்கில் கிடந்த உடல்களில் ஒன்று எஸ்எம்520, அது பிற்பாடு இங்கிலாந்தில் இரண்டு இருக்கையோடு மீண்டும் பறந்தது. கிடங்கில் யாரோ எண்ணைப் படித்துக் குறித்து வைத்ததால்தானே அது எஸ்எம்520 என்று நமக்குத் தெரிகிறது.

அப்புறம் நான் செய்தது, மிச்சமிருந்த சட்டத்தில் ஒரு கீறல் விடாமல் படித்தது. இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு டார்ச்சைத் தகட்டின் மேல் படுக்க வைத்த மாதிரி பக்கவாட்டில் அடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத பள்ளமும் எழுத்தும் நிழலாக எழுந்து நிற்கும். அப்படித்தான் பாகத்தின் எண் கிடைத்தது, 88 என்று தொடங்கியது. ஹார்வர்டைக் கட்டிய தொழிற்சாலையில் பாக எண்ணின் முன்பகுதி எந்த வடிவமைப்புக்காக அந்தப் பாகம் முதலில் வரையப்பட்டதோ அதைக் குறிக்கும், 88 என்றால் போர் நடுவில் டெக்சாஸ் டாலஸில் கட்டிய வரிசை. பச்சை மஞ்சள் ப்ரைமருக்கு, அதாவது அடிப்பூச்சுக்கு, அடியில் தகட்டு ஆலை அச்சடித்த மை எழுத்து, 24எஸ்டி என்று, எண்பது வருடம் கழித்தும் அழியாமல்.

மூன்றாவது எலும்பில் ஒரு ஒட்டு இருந்தது, உள்ளங்கை அகலம். அதன் உள்பக்கம் டார்ச் அடித்தபோது வேறு எழுத்து, 2024 என்று. எனக்குக் கையே நடுங்கிவிட்டது. அது வருடம் இல்லை, உலோகத்தின் பெயர். இரண்டும் ஒரே கலவைதான், 24எஸ்டி என்பது போர்க்காலப் பெயர், 1954இல்தான் அமெரிக்காவில் அலுமினியத்துக்கு நான்கு இலக்கப் பெயர் முறை வந்தது. ஆக, அந்த ஒட்டு 1954க்குப் பிறகு போட்டது. ஆணிகளும் அதையே சொல்லின. தொழிற்சாலை ஆணிகளின் தலை ஒரு மாதிரி, ஒட்டில் இருந்தவை பின்னாளில் எல்லாப் பழைய தலைகளுக்கும் பதிலாக வந்த ஏஎன்470 வகை. போரில் நொறுங்கி ஓரம் கட்டிய விமானத்தின் பாகம் இல்லை இது. ஐம்பதுகளின் நடுவிலோ அதற்குப் பின்போ யாரோ இதைச் சரி செய்து மறுபடி பறக்க விட்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்தத் தாத்தா இல்லை. லாடியத்தில் நாற்பது வருடம் கார் தகடு தட்டி நிமிர்த்தும் பேனல் பீட்டிங் பட்டறை வைத்திருந்தவர், எண்பதைத் தாண்டிவிட்டார், மராபஸ்டாட் மாரியம்மன் கோவிலில் பழக்கம். அவருடைய குடும்பம் மராபஸ்டாடில் இருந்தது, இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்து இந்தியர்களை லாடியத்துக்கு அனுப்பியபோது அவர்களும் வந்தார்கள். அவருடைய தமிழ் பாட்டியிடம் கற்ற தமிழ், பாதியில் நின்று யோசித்துச் சொல் எடுப்பார். சின்ன வயதில் தலைக்கு மேல் ஹார்வர்டுகள் போவதை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார், தகட்டு வேலை கற்றபோது விமானத் தளத்தில் வேலைக்குப் போகலாமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் அந்த வாசலில் நம் மக்களுக்கு வேலை இல்லை.

அவர் கராஜுக்கு வந்து ரட்டர் சட்டத்தை முதலில் தொடவே இல்லை, சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் ஒட்டின் மேல் கட்டைவிரலை வைத்து ஆணி ஆணியாகத் தடவினார்.

"இத அடிச்சவன் இடதுகைக்காரன் தம்பி."

எப்படித் தாத்தா என்றேன். என் விரலை எடுத்து வைத்துக் காட்டினார். ஆணியின் பின்பக்கம் டாலியில் (அடிக்கும்போது பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டி) நசுங்கிய தலைகள் எல்லாம் ஒரே திசையில் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தன. இந்த மூலையில் சட்டம் கையை விடாது, வலது கைக்காரன் நின்றால் எதிர்ப்பக்கம்தான் சாயும் என்று நின்று காட்டினார். நானும் சுத்தியலை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பதினெட்டு ஆணி, பதினெட்டும் அப்படித்தான். ஆவணத்தில் எங்கும் இருக்காத ஒரு ஆள் அந்தத் தகட்டில் இருந்தார். அந்த ஒட்டைப் பிரித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றிருந்த என் திட்டத்தை அன்றே விட்டுவிட்டேன், அது அப்படியே இருக்கட்டும், காட்சிக்கு வைக்கிற விமானத்துக்கு அதன் பலம் போதும்.

மற்ற வேலைகள். ரட்டரின் அடியில் தண்ணீர் வடிய வேண்டிய துளையைப் பழைய பெயின்ட் அடைத்திருந்தது, அங்கே தேங்கிய ஈரத்தில் கடைசி எலும்பு வெள்ளைப் பொடியாகப் பூத்துப்போயிருந்தது. எஃகு பிராக்கெட் அலுமினியத்தை நேராகத் தொட்ட இடங்களிலும் அப்படியே. எஃகு பிரஷ்ஷோ எஃகுக் கம்பளியோ கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து அடுத்த அரிப்புக்கு விதை போடும். பிளாஸ்டிக் சுரண்டியும் நைலான் பட்டையும் போதும், பொறுமைதான் வேண்டும். பழைய ப்ரைமர் துத்தநாகக் குரோமேட், அதன் தூசி புற்றுநோய் உண்டாக்கும், ஆகவே உலர்த்தித் தேய்க்காமல் தண்ணீர் விட்டே தேய்த்தேன், முகமூடியோடு, பையனைக் கராஜ் பக்கம் விடாமல்.

புது எலும்புக்கு 2024 தகடு. முதல் இரண்டு துண்டும் மடிப்பில் விரிசல் விட்டன, டை வேலையில் இருபது வருட அனுபவம் இருந்தும், ஏனென்றால் நான் கார் தகட்டின் கணக்கில் கூர்மையாக மடித்தேன். கடினமாக்கிய 2024 அப்படி மடியாது. தாத்தா ஒரு பலகையின் ஓரத்தை அரத்தால் வளைவாகத் தேய்த்து, மணல் மூட்டை மேல் வைத்து மரச் சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக் கொடுத்தார், மூன்றாவது துண்டு கண்ணாடி மாதிரி வந்தது. அடித்த ஆணிகளில் கடைசி ஆறும் அவர் அடித்தவை. வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார், நானும் ஒன்றும் கேட்கவில்லை.

துணி போர்த்துவது தையல்காரனும் சலவைக்காரனும் சேர்ந்து செய்கிற வேலை. அசலில் பருத்தி. நான் போட்டது பாலியெஸ்டர், வெயிலில் நீண்ட நாள் நிற்கப்போகிறது என்பதால். ஓரங்களை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் அது சுருங்கி மேளத் தோல் மாதிரி இறுகும். வீட்டு இஸ்திரிப் பெட்டியின் குமிழை நம்பாதீர்கள், தெர்மாமீட்டர் வைத்து அளந்துகொள்ளுங்கள், முதல் சுற்று 120 டிகிரி செல்சியஸ், கடைசிச் சுற்று 175, அதைத் தாண்டினால் துணி பலம் இழக்கும். பிறகு ஒவ்வொரு எலும்பிலும் மெழுகு நூலால் கட்டு, ஒவ்வொரு முடிச்சையும் ஒரே இழுவிசையில். இதை என் மனைவி என்னைவிட நன்றாகச் செய்தாள், பூ கட்டிய கை. மேலே டோப் அடிக்கிற வேலைக்கு இந்த ஊரின் குளிர்காலம்தான் சரி. கோடையில் மதியம் ஆனால் இடியோடு மழை வரும், காற்றில் ஈரம் ஏறியதும் டோப் பால் மாதிரி வெளுத்துவிடும். ஜூலையில் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும், குளிர் விட்ட பின் காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் ஒரு பூச்சு என்று வைத்துக்கொண்டேன்.

இத்தனை பூச்சுக்கும் எடை உண்டு, கீலுக்குப் பின்னால் எடை கூடினால் பறக்கும்போது ரட்டர் படபடவென்று அதிர்ந்து வாலையே உடைத்துவிடும், பறக்கிற விமானம் என்றால் துணி மாற்றியதும் சமநிலை பார்த்தே ஆக வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. ஆகவே சட்டத்தின் முன்பக்கம், எந்தப் பெயின்ட்டும் மறைக்காத இடத்தில், காட்சிக்கு மட்டும், பறக்கக் கூடாது என்று உலோகத் தகட்டில் எழுத்து அடித்து ஆணி வைத்திருக்கிறேன்.

எண் தேடல் எங்கே நிற்கிறது என்றால், 74 என்று தொடங்கும் நூறு எண்களில் மூன்றாவது இலக்கம் இடப்பக்கம் வளைவாக இருக்கக் கூடியவை 0, 6, 8, 9. நாற்பது எண்கள். அந்த நாற்பதில் எவை போரிலேயே தொலைந்தன, எவை 1954க்குப் பிறகும் பணியில் இருந்தன என்று அருங்காட்சியகங்கள், பழைய விமானிகளின் ஆல்பங்கள், வெளிநாட்டுக்கு விற்ற ஹார்வர்டுகளின் பதிவுகள் என ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருக்கிறேன். ஜோகன்னஸ்பர்க் சாக்சன்வோல்ட் ராணுவ அருங்காட்சியகத்துக்கும் இதற்காக இரண்டு முறை போனேன், அங்கே நிற்கும் மெஸ்ஸர்ஷ்மிட் 262 இரவுப் போர் விமானத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். இரண்டு இருக்கை கொண்ட அந்த அசல் இரவு வகையில் உலகில் மிஞ்சியது அது ஒன்றுதான், அதன் சிவப்பு 8 என்ற எண்ணை எல்லோரும் அறிவார்கள். என் ரட்டருக்கு அப்படி ஒரு புகழ் வேண்டாம், முழு எண் கிடைத்தால் போதும்.

துணியை மூடும் முன் உள்பக்கம் புது எலும்பில் அழியாத மையால் எழுதினேன், இந்த எலும்பு புதியது, இந்த வருடம் செய்தது, மூன்றாவது எலும்பின் ஒட்டு பழையது, பிரிக்காதீர்கள், கீழ் பிராக்கெட்டில் 74 என்று தொடங்கும் எண் இருந்தது, மூன்றாம் இலக்கம் வளைவு, மீதி என்னால் அழிந்தது. ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் கீழே தமிழிலும் எழுதினேன். தாத்தாவின் பெயரை எழுதலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினார், அப்புறம் பேனாவை வாங்கி, தான் அடித்த ஆறு ஆணிகளைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டுக் கொடுத்தார்.

சனிக்கிழமை குழுவிடம் கொண்டுபோகிறேன். ரட்டரின் பின்னோரத்தில் இருக்கும் சின்ன மடிப்பான டிரிம் டேபின் கீலுக்கு ஒரு புஷ் (உள்வளையம்) மட்டும் கடைய வேண்டியிருக்கிறது.